பதில்: அதிபர் முத்திரை மாற்றத்தின் ஆவணங்களை எங்கே தேடுவது?

வணக்கம். அமெரிக்க அதிபரின் முத்திரையில் கழுகின் தலை திரும்பியதற்கான காரணத்தைத் தேடி, 1978-ஆம் ஆண்டின் அதிபர் ஆவணச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் தேவையில்லை. 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்றவர்களின் ஆவணங்களையே அச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கேள்வியோ அதற்கு முந்தைய அதிபர் ஹாரி ட்ரூமன் காலத்தைச் சேர்ந்தது.

முதலில் 1945 அக்டோபர் 25 அன்று அவர் பிறப்பித்த 9646-ஆம் நிர்வாக ஆணையைப் படியுங்கள். ஒரு காலில் அம்புகளையும் மறுகாலில் ஆலிவ் கிளையையும் பற்றி, அதுவரை அம்புகளின் பக்கம் பார்த்திருந்த கழுகு, அந்த ஆணையால்தான் ஆலிவ் கிளையின் பக்கம் திரும்பியது. சுற்றிலும் 48 நட்சத்திரங்களும் சேர்ந்தன. ஆனால், ஆணை முடிவைத்தான் சொல்லும். அதற்கு முந்தைய விவாதம் கடிதங்களிலும் குறிப்புகளிலும்தான் கிடைக்கும். ஆகவே, மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரிலுள்ள ட்ரூமன் நூலகத்துக்கு எழுதி, அப்போது வெள்ளை மாளிகையில் பணியாற்றி இம்மாற்றத்தில் பங்குகொண்ட ஜார்ஜ் எல்சியின் ஆவணத் தொகுப்பைக் கேளுங்கள். அந்த விவாதத்தை அருகிலிருந்து பார்த்தவரின் தாள்கள் என்பதால், அவற்றையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

நட்சத்திரங்கள் 50 ஆனது பின்னர் அதிபரான ஐசனாவரின் 1960-ஆம் ஆண்டு ஆணையால் (எண் 10860). அதற்குக் கான்சஸ் மாநிலத்தின் அபிலீனிலுள்ள அவரது நூலகத்தைத் தனியே அணுகுங்கள்.