ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு

வாசகர் கடிதம்

ஐயா, வணக்கம்.

எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரில் 'மக்களுக்கான அறிக்கை' என்று நாலு பக்கப் பத்திரம் ஒன்று வட்ஸ்அப்பில் வந்தது. வரவு செலவுத் திட்டத்தில் திருகோணமலைக்கு இத்தனை மில்லியன் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்வீதி, குளக்கட்டு, பாடசாலைக் கட்டடம், சம்பூர் சூரிய மின்சாரம் எல்லாம் ஒரே பட்டியலில் கிடக்கின்றன. கடைசிப் பக்கத்தில் அவர் ஆதரித்த, எதிர்த்த சட்டமூலங்கள். சனசமூக நிலையத்தில் இருந்து வாசித்தோம். பாதிப்பேர் 'காசு வந்திட்டுது' என்கிறார்கள், மிச்சப்பேர் 'எல்லாம் கதை' என்கிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது? அவரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்க யோசிக்கிறோம். என்ன கேட்கலாம்?

வாசகர் ஒருவர், நிலாவெளி

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டத்துக்கு முதல் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அது யாருடைய பொறுப்பு என்று பென்சிலால் எழுதுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

வீதியை எடுத்தால், கந்தளாய் வழியாகப் போகும் ஏ6, அனுராதபுரத்துக்குப் போகும் ஏ12, மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 ஆகியவையும் பீ வகை வீதிகளும் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ வகை வீதிகள் மாகாணத்தினுடையவை. உங்கள் உள்வீதி பெரும்பாலும் குச்சவெளிப் பிரதேச சபையின் பதிவேட்டில்தான் இருக்கும். குளத்தில் சிக்கல் இன்னும் கூட. 80 ஹெக்டயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் கொடுக்கும் சிறுகுளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். மாகாணத்துக்குள்ளேயே அடங்கும் நடுத்தரக் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது. மகாவலி நீர் வந்து சேரும் கந்தளாய்க் குளம் போன்றது மத்தியின் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வரும். தேசிய பாடசாலை மத்தியின் கல்வி அமைச்சினுடையது, மற்றவை மாகாணக் கல்வி அமைச்சினுடையவை. சம்பூர் 120 மெகாவாட் சூரிய மின் திட்டமோ இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்.ரி.பி.சி.யும் சேர்ந்து அமைத்த கூட்டுக் கம்பனியின் முதலீடு. அதை வரவு செலவுத் திட்டத்தில் கிடைத்த காசோடு கூட்டுவது தவறு. அறிக்கையின் மொத்தத் தொகை ஊதிப் பெருப்பது பெரும்பாலும் இப்படியான கூட்டல்களால்தான்.

அடுத்தது மதிப்பீட்டுப் புத்தகம். நிதி அமைச்சர் ஆற்றும் வரவு செலவுத் திட்ட உரை என்பது ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு உரை. சட்டமூலத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும், அதாவது அமைச்சு, திணைக்களம் போன்றவற்றுக்கான இலக்கமிட்ட செலவுக் கணக்குக்கும், மீண்டெழும் செலவு (சம்பளம் போன்றவை), மூலதனச் செலவு (கட்டுமானம் போன்றவை) என்று மொத்தத் தொகைகள் இருக்கும். விபரம் எல்லாம் மதிப்பீட்டுப் புத்தகத்தில். திறைசேரியின் இணையத்தளத்தில் அதை இறக்கிக்கொள்ளலாம். திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் தலைப்பு இலக்கம் 271, கிழக்கு மாகாண சபையினது 321. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 271 இல் தெரிவது கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகங்களும் நடக்கும் செலவுதான். வீதி, குளம், வைத்தியசாலை அந்தந்த அமைச்சு, திணைக்களத்தின் தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். ஆகவே 'மாவட்டத்துக்கான ஒதுக்கீடு' என்று ஒரே தொகை அந்தப் புத்தகத்தில் எங்கும் அச்சாவதில்லை. யாராவது அப்படி ஒரு தொகை சொன்னால், எந்தெந்தத் தலைப்பைக் கூட்டினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

புத்தகத்தை வாசிக்கும்போது இடறும் இடங்கள் சில. தொகைகள் ஆயிரம் ரூபாயில் இருக்கும், 25,000 என்று கண்டால் அது இரண்டரைக் கோடி. செலவுக் குறியீட்டில் 1001 சம்பளம், 1002 மேலதிக நேரக் கொடுப்பனவு, 1202 எரிபொருள், 2001 கட்டடப் புனரமைப்பு, 2104 புதிய கட்டடம். 2001 இல் காசு போட்டுவிட்டுப் 'புதிய கட்டடம்' என்று அறிக்கையில் எழுதினால் உடனே பிடிபடும். அடுத்து நிதி மூலக் குறியீடு: 11 உள்நாட்டு நிதி, 12 வெளிநாட்டுக் கடன், 13 வெளிநாட்டு நன்கொடை. 12 என்று கண்டால் கடன் தருபவர் காசை விடுவிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியபோது, இருதரப்புக் கடனில் நடந்த வேலைகள் பல அப்படியே நின்றன. புத்தகத்தில் வரி இருந்தது, தளத்தில் ஆள் இல்லை. இன்னொன்று, முன்னைய வருடம் ஒன்றின் உண்மைச் செலவு அதே வரியில் வேறொரு நிரலில் இருக்கும். ஒதுக்கீடு கூடியதாகச் சொல்லும்போது அந்த நிரலையும் வாசியுங்கள்.

உரையில் சொல்லப்பட்ட முன்மொழிவு எல்லாவற்றுக்கும் உரிய அமைச்சின் கீழ் வரி இருக்காது. சில தொகைகள் தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களத்தின் 240 ஆம் தலைப்பில் ஒன்றாக வைக்கப்பட்டு, பிறகுதான் அமைச்சுகளுக்கு மாற்றப்படும். மாற்றப்படாமலே வருடம் முடிவதும் உண்டு.

இனி உங்கள் சனசமூக நிலையத்துச் சண்டைக்கு வருகிறேன். ஒதுக்கீடு என்பது காசோலைப் புத்தகம் மாதிரி, கட்டுநிதிதான் வங்கிக் கணக்கில் கிடக்கும் காசு. பாராளுமன்றம் ஒதுக்கீட்டை நிறைவேற்றினால் திணைக்களத்துக்குச் செலவு செய்யும் அதிகாரம் கிடைக்கிறது. பணம் வர, திறைசேரி மாதாமாதம் கட்டுநிதி விடுவிக்க வேண்டும். வருமானம் குறைந்தால் முதலில் இறுகுவது மூலதன வேலைக்கான கட்டுநிதி, ஏனென்றால் சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது. வேலை முடித்த கொந்தராத்துக்காரர் பில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். அடுத்த வேலைக்கு அவர் கேள்விமனு (டெண்டர்) போடும்போது அந்தக் காத்திருப்பின் விலையையும் சேர்த்துத்தான் போடுவார். ஆகவே 'காசு வந்திட்டுது' என்பவரும் 'கதை' என்பவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, நிலுவை பில் எவ்வளவு? இந்த நாலு தொகையும் இல்லாத அறிக்கையை நான் விளம்பரம் என்றே எடுத்துக்கொள்வேன்.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு தனிக் கஷ்டமும் இருக்கிறது. நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது, செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதியாகும். தென்மேற்கில் வருடக் கடைசி மாதங்களை வைத்து வேலையை ஓரளவு ஓட்டி முடிக்கலாம். இங்கே ஒக்டோபர் கடைசியில் இருந்து மாரி. வாடைக் காற்றோடு மழை இறங்கினால் குளக்கட்டில் மண் இறுக்க முடியாது, மதகுக்கு அத்திவாரம் தோண்ட முடியாது, தாரும் ஒட்டாது. கச்சான் என்னும் உலர்காற்று வீசும் காலத்துக்குள் முடிக்காத வேலை அந்த வருடம் முடியாது. 2025 ஐயே பாருங்கள். தேர்தல் காரணமாக அந்த வருடத்தின் முதல் நாலு மாதமும், முழு வரவு செலவுத் திட்டம் இல்லாமல், இடைக்காலக் கணக்கில் ஓடியது. வரவு செலவுத் திட்டம் பெப்ரவரி 17 இல் சமர்ப்பிக்கப்பட்டு மார்ச் 21 இல் நிறைவேறியது. அதன் பிறகு மதிப்பீடு தயாரித்து, தொழில்நுட்ப அனுமதி எடுத்து, கேள்விமனுக் கோரி, குழு கூடி, ஒப்பந்தம் கைச்சாத்திட இரண்டு மூன்று மாதம் லேசாகப் போகும். மீதி எத்தனை உலர் மாதம் என்று நீங்களே கணக்குப் போடலாம். நல்ல உறுப்பினர் என்றால், சென்ற வருடமே மதிப்பீடும் வரைபடமும் தயாரித்து வைக்கச் சொல்லி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் நெருக்கியிருப்பார். கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

தளத்தில் வேலை நடக்கும்போது மக்கள் என்ன வழியில் போய் வருகிறார்கள் என்பதும் திட்டத்தின் பகுதிதான். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தது, பாலம் கட்டுமானத்தில் இருந்த காலத்தில். பாலம், மதகு என்று எதையாவது அறிக்கையில் கண்டால், இடைக்காலப் பாதைக்கு மதிப்பீட்டில் வரி இருக்கிறதா என்று கேட்க மறக்க வேண்டாம்.

மாகாணத்தினது என்று பென்சிலால் குறித்த வேலைகளுக்கு உங்கள் உறுப்பினரிடம் முழுப் பதில் கிடைக்காது. அது அவருடைய குற்றமும் அல்ல. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்தது. அதே வருடத்து 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. அதன்படி வந்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில் தோற்கடித்தது. அதோடு தேர்தல் முடங்கியது. பாடசாலைகளில் பெரும்பகுதி, கிராமிய வைத்தியசாலைகள், சீ, டீ வீதிகள் என்று உங்கள் அன்றாடத்தைத் தொடும் செலவு தெரிவான சபை ஒன்றின் விவாதமில்லாமல் ஆளுநரின் கீழ் நடக்கிறது. உங்கள் உறுப்பினரிடம் கேட்கக்கூடியது, கேட்க வேண்டியதும் இதுதான்: பழைய விகிதாசார முறைக்குத் திரும்பச் சட்டத் திருத்தம் ஒன்று போதும், அதற்கு உங்கள் கட்சி என்ன செய்தது, நீங்கள் சபையில் எந்தத் திகதியில் என்ன பேசினீர்கள்? சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகும்.

ஒரு பாராளுமன்ற உறுப்பினரால் எது முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 152 ஆம் உறுப்புரைப்படி, பொது நிதியில் கைவைக்கும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு அமைச்சர் ஒருவரே கொண்டுவரலாம். 225 பேரில் எங்கள் மாவட்டத்துக்கு நாலு பேர். அந்த நாலு பேரில் யாரும் தனியாக ஒரு ரூபாயைக்கூடக் கூட்டிவிட முடியாது. குழுநிலையில் ஒரு தலைப்பில் 10 ரூபா வெட்டச் சொல்லிப் பிரேரிப்பது, அந்த அமைச்சைப் பற்றிப் பேச வழி திறக்கும் சம்பிரதாயம். 'நான் பெற்றுத் தந்தேன்' என்ற வசனத்துக்கு உண்மையான இடம், உறுப்பினர்கள் வேலை முன்மொழிவதற்கென்றே வைக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் மட்டும். அதிலும் அவர் வேலையை முன்மொழிகிறார், காசைக் கையாள்வது கச்சேரியும் பிரதேச செயலகமும்.

சட்டமூலப் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. நிறைவேறிய சட்டத்தைப் பற்றி அறிவிப்பது பிந்திய சேவை. சட்டமூலம் சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் வந்த பிறகு, குறுகிய காலத்துக்குள் எந்தப் பிரசையும் 121 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்லும். சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு, 80(3) இன்படி எந்த நீதிமன்றத்திலும் அந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே வர்த்தமானியில் வெளியான அன்றே உங்களுக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். முதல் வடிவத்தை மட்டும் வாசிப்பதும் போதாது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 ஒக்டோபரில் சபைக்கு வந்து 2024 ஜனவரி 24 இல் குழுநிலைத் திருத்தங்களோடு நிறைவேறியது. உயர் நீதிமன்றம் சொன்ன மாற்றங்கள் எல்லாம் உள்ளே வந்தனவா என்ற சர்ச்சை அதற்குப் பிறகுதான் எழுந்தது. ஆதரித்து வாக்களித்தாரா, எதிர்த்து வாக்களித்தாரா, சபையில் இல்லையா என்ற மூன்றில் ஒன்றை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். 'கடுமையாக எதிர்த்தேன்' என்று எழுதியவர் வாக்கெடுப்பு நேரம் சபையில் இல்லாதிருந்த கதைகள் எல்லாக் கட்சியிலும் உண்டு.

கூட்டத்துக்குக் காத்திராமல் இப்போதே ஒரு வேலை செய்யலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பட்டியலில் இருந்து நாலைந்து வேலைகளை மட்டும் தெரிந்து, உரிய திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதுங்கள். 'எங்கள் ஊர் அபிவிருத்தி பற்றிய விபரம்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வேலையின் பெயர், வருடம், ஒப்பந்தத் தொகை, விடுவித்த தொகை, செலுத்திய தொகை, முடிக்க வேண்டிய திகதி என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், விபரம் திரட்ட மேலும் 21 நாள் வரை நீடிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதில் கைக்கு வந்த பிறகு கூட்டத்தை வையுங்கள், அதையும் வருட நடுப்பகுதியைத் தாண்ட விடாதீர்கள். அடுத்த வருட மதிப்பீட்டுக்கான சுற்றறிக்கை அமைச்சுகளுக்குப் போகும் காலம் வழமையாக அதுதான். உங்கள் உள்வீதிக்கு நீள அகலம் அளந்த குறிப்பு, மதகு தேவைப்படும் இடங்கள், மாரியில் தண்ணீர் நிற்கும் இடங்களின் படங்கள் ஆகியவற்றைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தோடு மூன்று பிரதி எடுத்து வையுங்கள்: ஒன்று உறுப்பினருக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு, ஒன்று பிரதேச சபைக்கு. மூன்றிலும் கையேற்ற திகதி முத்திரை வாங்குங்கள்.