மாத்திரையை நிறுத்தியதும் நெஞ்செரிச்சல் ஏன்?

கேள்வி: என் தந்தை ஆறு மாதங்களாகக் காலையில் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை சாப்பிட்டு வந்தார். தொந்தரவு தீர்ந்துவிட்டதென்று அவராகவே நிறுத்திய ஒரு வாரத்தில், நெஞ்செரிச்சல் முன்னைவிட அதிகமாகிவிட்டது. இரைப்பையில் அமிலம் சுரப்பதும் நிற்பதும் எப்படி?

பதில்: இரைப்பை நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. தாளிக்கும் வாசனை மூக்கில் ஏறியதுமே மூளை வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறது. நாய் விழுங்கிய உணவு இரைப்பையை அடையாமல் கழுத்து வழியாகவே வெளியே விழும்படி அறுவை செய்து வைத்த ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், அப்போதும் இரைப்பை நீர் சுரப்பதைக் காட்டினார். மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும் சோதனையோடு சேர்த்தே நாம் நினைக்கும் அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தச் செரிமான ஆய்வுகளுக்காகத்தான்.

உணவு உள்ளே வந்து இரைப்பை விரிந்ததும், அதன் கீழ்ப்பகுதியிலுள்ள செல்கள் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கத் தூண்ட, ஹிஸ்டமின் அமிலம் சுரக்கும் செல்களை முடுக்குகிறது. புரதத்தை வெட்டும் பெப்சின், தன்னை உண்டாக்கிய செல்லையே தின்றுவிடாதபடி பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில் வெளிவந்து, அமிலம் பட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறது.

இனி நிறுத்தம். உணவு இருக்கும்வரை அதிலுள்ள புரதம் அமிலத்தின் கடுமையை ஓரளவு வாங்கிக்கொள்கிறது. உணவு சிறுகுடலுக்கு நகர நகர, மிஞ்சிய அமிலத்தின் கடுமை ஏறி, அதன் பிஎச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்) 3க்குக் கீழே இறங்கும்போது, சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் சுரந்து காஸ்ட்ரினை அடக்குகிறது. அமிலத்துக்குக் கடிவாளம் அமிலமேதான்! சிறுகுடலின் தொடக்கத்தில் அமிலம் பட்டதும் சுரக்கும் செக்ரெட்டின் என்ற ஹார்மோனும் இதற்குத் துணை நிற்கிறது.

உங்கள் தந்தைக்கு நேர்ந்ததற்கு இந்தக் கடிவாளம் காரணமாக இருக்கலாம். மாத்திரை, அமிலச் செல்லிலிருந்து அமிலம் வெளியேறும் கடைசி வாயிலை அடைத்துவிடுவதால் அமிலம் குறைகிறது. அடக்குவதற்கு அமிலம் இல்லாததால் காஸ்ட்ரின் மாதக்கணக்கில் கூடுதலாகவே இருந்து, அமிலத்தைத் தூண்டும் செல்களையும் பெருக்கிவிடுகிறது. வாயில் திடீரெனத் திறக்கும்போது அமிலம் வழக்கத்தைவிட மிகுதியாகப் பாய்கிறது. பெரும்பாலும் சில வாரங்களில் இது தணியும். ஆனாலும் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய நோயே திரும்பியதா என்று பார்த்து, தேவையானால் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த அவர் வழி சொல்வார். விழுங்குவதில் சிரமம், கறுத்த மலம், உடல் இளைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.