1926இல் கவுன்சில் உறுப்பினரான தாத்தா பெயர் மேலவைப் பட்டியலில் இல்லை என்ற கேள்விக்கு

உங்கள் தாத்தா இருந்த பழைய அவைக்கும் பின்னர் வந்த மேலவைக்கும் கவுன்சில் என்றே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது, நண்பரே. சென்னை மாகாணத்தில் 1921 முதல் 1937 வரை ஒரே அவைதான், அதுவே கவுன்சில். மேலவை 1937இல்தான் வந்தது; கூடவே 215 உறுப்பினர் கொண்ட பேரவையும். 1952இலிருந்து எண்ணும் "முதலாவது பேரவை" பட்டியலிலும் அவர் பெயர் கிடைக்காது.

ஆகவே 1926 தேர்தலில் அமைந்த மூன்றாவது கவுன்சிலின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடுங்கள். சுயராஜ்யக் கட்சி அதிக இடம் வென்றும் பதவியேற்க மறுக்க, சுயேச்சையான ப. சுப்பராயன் முதன்மை அமைச்சரான அவை அது. ஊர்ப்பெயரில் தேட வேண்டாம். கிராமப்புறப் பொதுத் தொகுதி என்பது பெரும்பாலும் முழு மாவட்டம். நிலச்சுவான்தார், பல்கலைக்கழகத் தொகுதிகளும் தனியாக இருந்தன. அங்கும் இல்லையென்றால் நியமன உறுப்பினர் பட்டியலை அவசியம் பாருங்கள், பலர் விடுபடுவது அங்கேதான்.