எந்தக் குழு, எந்தக் கோப்பு, எந்தத் தேதி? மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பும் ஆர்டிஐ-யும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் வாரியங்களிலும் குழுக்களிலும் என்ன பேசினார்கள், அந்தக் காகிதத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) வழியே எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘மாநில ஆலோசனை வாரியம், சென்னை’ என்று முகவரி எழுதி மனு அனுப்பினேன். உறை அப்படியே திரும்பி வந்துவிட்டது. (விழுப்புரம்)

வாரியத்துக்கென்று தனி அலுவலகமும் கிடையாது, தனிப் பொதுத் தகவல் அலுவலரும் (ஆர்டிஐ மனுவுக்குப் பதில் தர வேண்டிய அதிகாரி) கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 66-இன்படி துறை அமைச்சர்தான் அதன் தலைவர். அந்தத் துறையின் இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரி உறுப்பினர் செயலர். கோப்பு அவருடைய துறையில் இருக்கும். ஆகவே ‘பொதுத் தகவல் அலுவலர், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை - 600 009’ என்று எழுதுங்கள். எந்த வாரியம் என்பதை மனுவுக்குள் பிரிவு எண்ணோடு குறிப்பிடுங்கள். மாவட்டக் குழு (பிரிவு 72) பற்றி என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய ஆலோசனை வாரியம் (பிரிவு 60) என்றால் டெல்லியில் உள்ள மத்திய மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கு எழுத வேண்டும்.

இரண்டு வாரியங்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ‘கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த கூட்டங்களின் தேதி, ஒவ்வொன்றின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு’ என்று கேட்டாலே போதும், கூட்டம் நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கு ஆர்டிஐ கட்டணம் கிடையாதுதானே? (கரூர்)

உண்டு. சட்டம் விலக்கு தருவது வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத்தான், அதற்கும் சான்று இணைக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் 10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் எடுங்கள் அல்லது இணையதளத்திலேயே கட்டுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

கேள்வி: மனுவோடு யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை நகல், ஆதார் நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன். சரிதானே? (தேனி)

வேண்டவே வேண்டாம். ஆர்டிஐ சட்டப் பிரிவு 6(2)-இன்படி உங்களைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரம் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றும் சொல்லத் தேவையில்லை. மருத்துவ விவரம் அடங்கிய நகல்களை முன்பின் தெரியாத மேசைகளுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: 43 கேள்விகள் அனுப்பினேன். ‘விளக்கம் கேட்பது தகவல் ஆகாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மனு நகல் இணைத்துள்ளேன். (சேலம்)

படித்தேன். 43-இல் சுமார் 30 கேள்விகள் ‘ஏன்’ என்றே தொடங்குகின்றன. ‘ஏன் எங்களுக்கு வேலை தரவில்லை?’, ‘ஏன் வாரியம் தூங்குகிறது?’ என்றெல்லாம் இருக்கிறது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பொதுத் தகவல் அலுவலர் கையில் இருக்கும் பதிவேட்டைத்தான் தர முடியும். இல்லாத ஒன்றை உருவாக்கியோ, விளக்கம் எழுதியோ தர வேண்டியதில்லை என்று 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதியாயிற்று: ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘ஏன் நிராகரித்தீர்கள்?’ என்பதற்குப் பதிலாக ‘நிராகரிப்பதென்று முடிவெடுத்த கோப்பின் குறிப்புப் பக்கங்களும் அதன் மீதான உத்தரவும்’ என்று எழுதினால், காரணம் அதற்குள் இருக்கும். ஒரு மனுவில் ஒரே பொருள், ஐந்தாறு ஆவணங்கள், அதற்குமேல் வேண்டாம்.

கேள்வி: எனக்கு முழுப் பார்வையின்மை. மத்திய அரசுப் பணி ஒன்று பார்வையற்றவர்களுக்கு ஏற்றதல்ல என்று பட்டியலில் இருக்கிறது. அப்படி முடிவு செய்த நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்பைக் கேட்டேன். ‘அது உள் ஆலோசனை, பிரிவு 8(1)(ஐ)-இன்கீழ் தர இயலாது’ என்று பதில் வந்திருக்கிறது. (மதுரை)

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் பட்டியல் 2021 ஜனவரி 4-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 3,500 பணிகள் அதில் உள்ளன. ஒவ்வொரு பணிக்கும் எதிரே அந்த வேலைக்குத் தேவையான உடல் செயல்பாடுகள் சுருக்கெழுத்தில் இருக்கும்: உட்கார எஸ், நிற்க எஸ்டி, நடக்க டபிள்யூ, விரல்களால் கையாள எம்எஃப், படிக்க எழுத ஆர்டபிள்யூ, பார்க்க எஸ்இ, கேட்க எச், பேசித் தொடர்புகொள்ள சி. அடுத்த கட்டத்தில் எந்த வகைக் குறைபாடு உள்ளவர்கள் வரலாம் என்பது இருக்கும். ஒரு பணிக்கு ‘எஸ்இ’ தேவை என்று எழுதிவிட்டால் பார்வையற்றவர்களுக்கு அந்தப் பணியில் ஒரு விழுக்காடு ஒதுக்கீடு இருந்தும் பயனில்லாமல் போகக்கூடும். கணினியில் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்) வைத்து அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று யாராவது பார்த்தார்களா, அல்லது துறை அனுப்பியதை அப்படியே ஏற்றார்களா? அந்த இரண்டு எழுத்து எப்படி வந்தது என்பது கூட்டக் குறிப்பில்தான் இருக்கும். ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு பணிக்கு விண்ணப்பிக்க முடியாமல் செய்யும் முடிவின் காகிதம் அது. அதைத் தரமாட்டோம் என்பது கொஞ்சமும் சரியில்லை.

சட்டத்துக்கு வருவோம். 8(1)(ஐ) அமைச்சரவைக் காகிதங்களுக்கானது. அதிலும் முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு, முடிவு, காரணம், ஆதாரம் மூன்றையும் வெளியிட வேண்டும் என்று அதே உட்பிரிவு சொல்கிறது. நிபுணர் குழு அமைச்சரவை அல்ல. அதன் பட்டியலும் வெளியாகி நடைமுறையில் இருக்கிறது. ‘ஆலோசனை’ என்பதால் மறுக்கலாம் என்பதும் தவறு. பிரிவு 2(எஃப்)-இல் ‘தகவல்’ என்பதன் வரையறையிலேயே கருத்துகளும் ஆலோசனைகளும் இருக்கின்றன.

இதைவிட முக்கியமானது பிரிவு 4(1)(பி)-யின் எட்டாவது இனம். தனக்கு ஆலோசனை சொல்ல அமைத்த வாரியங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். 2005-இல் சட்டம் வந்தபோது இதற்குக் கொடுத்த அவகாசம் 120 நாள். 20 ஆண்டு ஓடிவிட்டது. இன்னும் பல அலுவலகக் கையேடுகளில் அந்த இடத்தில் ‘பொருந்தாது’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகவே அமைத்த குழுவின் குறிப்பை, மாற்றுத்திறனாளி ஒருவர் பத்து ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்திருந்து, மேல்முறையீடு போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இது மாறும்வரை இதை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் போடும் முதல் மேல்முறையீட்டில் மேலே சொன்ன மூன்று வாதங்களையும், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற 4(1)(டி)-யையும் எழுதுங்கள். மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருடையது, பிரிவு 19(5). கூடவே புதிய மனு ஒன்றும் போடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பிரிவு 33-இன்கீழ் நிபுணர் குழுவை அமைத்த உத்தரவு, ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், வருகைப் பதிவு, நடவடிக்கைக் குறிப்பு, உங்கள் பணி பற்றித் துறை அனுப்பிய கருத்துரை, அந்தப் பணிக்கான கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேளுங்கள். வருகைப் பதிவை விட்டுவிடாதீர்கள். குழுவில் மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அவர்கள் அந்த அறையில் இருந்தார்களா என்பதை வருகைப் பதிவுதான் காட்டும். மூன்று ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில் பட்டியலை மறுஆய்வு செய்யவும் வேண்டும். 2021-க்குப் பிந்தைய மறுஆய்வுக்கான உத்தரவின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். டெல்லிக்கு எழுதும்போது ஆங்கிலமோ இந்தியோதான் பாதுகாப்பு. தமிழில் எழுதினால் மொழியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவார்கள்.

கேள்வி: கேட்ட குறிப்பு பிடிஎஃப்-ஆக வந்தது. என்விடிஏ திரைவாசிப்பான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. (திருச்சி)

ஸ்கேன் செய்த படத்தை அனுப்பியிருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் போட்டாலும் அட்டவணையின் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், எந்தப் பணிக்கு எந்தக் குறியீடு என்று தெரியாது. தமிழ்க் குறிப்பு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் திரைவாசிப்பான் உளறும். யூனிகோடை 2010-லேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்துவிட்டது.

மனுவின் கடைசியில் இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்: ‘நான் பார்வை மாற்றுத்திறனாளி. தகவல் அறியும் உரிமைச் சட்டப் பிரிவு 7(4), 7(9), மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பிரிவு 42 ஆகியவற்றின்படி, கணினியில் தட்டச்சு செய்த மூலக் கோப்பையே யூனிகோடில் மின்னஞ்சலில் தரவும்.’ கையெழுத்துக் குறிப்பாக இருந்தால் நேரில் ஆய்வு கேளுங்கள். வாசித்துச் சொல்ல உதவியாளர் ஏற்பாடு செய்வது 7(4)-இன்கீழ் அவர்கள் கடமை. முதல் ஒரு மணி நேர ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே வந்த படப் பிடிஎஃப்-க்கு எதிராக முதல் மேல்முறையீடு செய்யலாம். படிக்க முடியாத தகவல் தராத தகவல்தான் என்று வாதிடுங்கள்.

கேள்வி: மூளை முடக்குவாதத்தால் எழுத முடியாது. வாய்மொழியாகக் கேட்கலாமா? (கடலூர்)

கேட்கலாம். பிரிவு 6(1)-இன்படி நீங்கள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்ய உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி: ஒரு தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளை எடுப்பதே இல்லை. ஆர்டிஐ போட முடியாது என்கிறார்கள். (ஓசூர்)

நேரடியாக முடியாது. சுற்றுவழி உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பிரிவு 21. இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் கொள்கையில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்பதையும் மத்திய விதிகள் சொல்கின்றன. மாநில ஆணையர் அலுவலகத்தில் அந்த நிறுவனத்தின் கொள்கை நகலைக் கேளுங்கள். ‘பதிவாகவில்லை’ என்று எழுத்தில் வந்தால் அதுவே புகாருக்கு ஆதாரம்.

கேள்வி: நியமனம் பெற்றவர்களின் பட்டியல் கேட்டால் 8(1)(ஜே), தனிப்பட்ட தகவல் என்கிறார்கள். (தஞ்சாவூர்)

2025 நவம்பரில் அந்த உட்பிரிவு திருத்தப்பட்ட வடிவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பிருந்த ‘பொதுநலன்’ விலக்கு அதற்குள்ளேயே இப்போது இல்லை, பொதுநலனை 8(2)-இன்கீழ்தான் வாதிட வேண்டும். அதனால் பெயரும் மருத்துவ விவரமும் கேட்காதீர்கள். ‘பணி வாரியாக, குறைபாட்டு வகை வாரியாக எத்தனை பேர்’ என்று கேளுங்கள். எண்ணிக்கைக்கு 8(1)(ஜே) பொருந்தாது. ஆலோசனைக் குழு உறுப்பினர்களின் பெயர் அரசாணையிலேயே இருக்கும், அதைக் கேட்பதில் தடையில்லை. நேர்முகத் தேர்வுக் குழு உறுப்பினர் பெயர் வேறு விஷயம், அதைத் தர வேண்டியதில்லை என்று 2012-இல் பீகார் தேர்வாணைய வழக்கில் தீர்ப்பு உள்ளது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 40 நாள் ஆகிவிட்டது, பதிலே இல்லை. (நாகர்கோவில்)

மனு அவர்கள் கைக்குப் போன தேதியைக் கடிதத்தில் எழுதவே இல்லை. அது இல்லாமல் எதையும் கணக்கிட முடியாது. உதாரணமாக ஜூன் 2-இல் கிடைத்திருந்தால் ஜூலை 2-க்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். ஆகஸ்ட் 1-க்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதில் 30 நாளில், காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாளில் முடிவு வர வேண்டும். பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். வேறு அலுவலகத்துக்கு மாற்றியிருந்தால் ஐந்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். கெடு தாண்டிய பிறகு நகல் கட்டணம் கேட்டால் கட்ட வேண்டாம், 7(6)-இன்படி இலவசம். தபால் ரசீதையும் ஒப்புகையையும் பத்திரமாக வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஒப்புகை இல்லாத மனுவை வைத்து வாதாட முடியாது.

கேள்வி: மாநில ஆணையர் எனக்குச் சாதகமாகப் பரிந்துரை செய்தார். துறை என்ன செய்தது என்றே தெரியவில்லை. (ஈரோடு)

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பிரிவு 81-இன்படி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை அதே மூன்று மாதத்துக்குள் ஆணையருக்குச் சொல்லி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பரிந்துரையின் தேதி, எண் குறிப்பிட்டு, அதன்மீது துறை ஆணையருக்கு அனுப்பிய கடித நகலை இரண்டு அலுவலகங்களிலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஓரிடத்தில் ‘கோப்பு இல்லை’ என்றாலும் மற்ற இடத்தில் கிடைக்கும்.

கேள்வி: பின்னடைவுக் காலிப்பணியிட (ஒதுக்கீட்டில் நிரப்பப்படாமல் எடுத்துச் செல்லப்படும் இடங்கள்) எண்ணிக்கையை டிஎன்பிஎஸ்சி-யிடம் கேட்டேன், தங்களிடம் இல்லை என்கிறார்கள். (சிவகங்கை)

உண்மையாகவே இருக்காது. அது அந்தந்தத் துறையின் ரோஸ்டர் பதிவேட்டில் (எந்த வரிசை எண் இடம் யாருக்கு ஒதுக்கீடு என்று காட்டுவது) இருக்கும். நியமன அதிகாரியின் அலுவலகத்துக்கு மனு போட்டு, பதிவேட்டை நேரில் பார்க்க 2(ஜே)-இன்கீழ் அனுமதி கேளுங்கள். மத்திய அலுவலகம் என்றால் 100 புள்ளிப் பதிவேடு. நான்கு விழுக்காடு ஒதுக்கீட்டுக்கான 1, 26, 51, 76-ஆம் புள்ளிகளுக்கு எதிரே யார் பெயர், எந்த ஆண்டு, காலி என்றால் எந்த ஆண்டுக்கு எடுத்துச் சென்றார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் சான்றளித்த நகல் வாங்கினால் போதும்.