நைட் டியூட்டி முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 34. மாதத்தில் பாதி நாள் இரவு 8 முதல் காலை 8 வரை டியூட்டி. வீட்டுக்கு வந்தால் தூக்கம் வருவதில்லை. உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது. பிரசவத்துக்கு வருகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன். இது மனநோயா டாக்டர்?

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை. ஊர்த் தாய்மார்களுக்கெல்லாம் ஹீமோகுளோபின் பார்க்கும் நீங்கள், உங்களுக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. கூடவே ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரையும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை தேவைப்பட்டால் அதற்கும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் சத்து சரியாகச் சேராது.

காபி குடித்து 5 மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில்தான் இருக்கும். டிகிரி காபியை விடச் சொல்லவில்லை, இரவு 1 மணியோடு நிறுத்துங்கள். இன்னொரு நர்ஸ் இருக்கும் இரவில் முறை வைத்து 20 நிமிடம் கண்ணயரலாம். காலையில் பஸ்ஸில் போங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடும். நம் சட்டம் ஓட்டுநருக்கு விட்டிருப்பதே 0.03தான். அந்த நிலையில் வாய்க்கால் கரைச் சாலையில் ஸ்கூட்டி வேண்டாம். வீடு சேர்ந்ததும் இரண்டு இட்லியோடு படுத்துவிடுங்கள். சமையல், துணி என்று இறங்கினால் வெயில் ஏறிவிடும், அப்புறம் எங்கே தூக்கம்? இதை வீட்டில் உட்கார வைத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

விடியற்காலை 3 முதல் 5 மணி வரைதான் கை தவறும் நேரம். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தர்ஜினும் ஒரே ஃபிரிட்ஜில் இருக்கும். தனித்தனி தட்டில் வையுங்கள், ஆம்பூலின் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே உடையுங்கள்.

எரிந்து விழுவதற்கு வருவோம். தீராத அசதி, வேலையில் வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம்: இந்த மூன்றும் சேர்ந்ததை ‘பர்ன்அவுட்’ என்பார்கள். இதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலை சார்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்தியது, நோயாக அல்ல. ஆள் பற்றாக்குறைக்கு யோகா வகுப்பு மருந்தாகாது. தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போட வேண்டாம் என்று மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

லீவிலும் மனம் தேறாமல், அழுகையோ எதிலும் பிடிப்பின்மையோ இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தயங்கினால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் டியூட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கத்துக்காக மருந்துக்கடையில் நீங்களாக அல்பிரசோலம் வாங்கிப் போடாதீர்கள். சில வாரங்களிலேயே அது இல்லாமல் தூங்க முடியாமல் போகலாம்.