ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே பெற்றோர் பயிற்சி கொடுக்க முடியுமா?

டெல்லியில் இருக்கிறோம், மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள், தினமும் தெரபிக்கு அலையக் கட்டுப்படியாகவில்லை, நாங்களே வீட்டில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் கற்றுக்கொண்டு செய்யுங்கள். யூடியூப் பார்த்துவிட்டு ஃப்ளாஷ் கார்டு வாங்கி, ஹாலில் மேசை போட்டுப் பாடம் நடத்துவதை நான் சொல்லவில்லை. குழந்தையோடு இருக்கும் நேரத்தில் நாம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றுவதுதான் இதில் பெரும்பங்கு.

நாங்கள் மயூர் விஹாரில் இருக்கிறோம். என் மகளுக்கு இப்போது பத்து வயது. உங்கள் மகன் வயதில் அவளுக்கு எவர்சில்வர் தட்டைத் தரையில் சுற்றிவிடுவதுதான் உலகம். தட்டைப் பிடுங்கிவிட்டுப் பொம்மையைக் கொடுத்தால் வீடே இரண்டாகிவிடும். அதனால் நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். அவள் சுற்றினால் நானும் சுற்றுவேன், வாயைத் திறக்க மாட்டேன். தட்டு தடதடவென்று ஆடி அடங்கியதும் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் விரலைப் பிடித்துத் தட்டின் விளிம்பில் வைப்பாள். 'இன்னொரு தடவை' என்று அவள் கேட்பது அப்படித்தான். உடனே 'சுத்து' என்று ஒரே ஒரு சொல், கூடவே தட்டும் சுற்றும். பல மாதங்கள் கழித்து அந்தச் சொல்லின் முதல் எழுத்து அவள் வாயிலிருந்து வந்தது.

அந்தக் காத்திருப்புதான் மிகவும் கஷ்டம். நமக்குக் கை பரபரக்கும். 'என்னைப் பாரு, என்னைப் பாரு' என்று முகவாயைப் பிடித்துத் திருப்பத் தோன்றும். தயவுசெய்து திருப்பாதீர்கள்.

இதை எனக்குத் தோன்றியபடி சொல்லவில்லை. பெற்றோர் வழியாகச் செய்யும் பேக்ட் என்ற முறையை பிரிட்டனில் 152 குழந்தைகளிடம் சோதித்தார்கள்; முடிவு 2010இல் லான்செட் இதழில் வந்தது. நாம் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்ட் நம்மோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார். குழந்தை எந்த இடத்தில் ஏதோ சொல்ல வந்தது, அதைக் கவனிக்காமல் நாம் எங்கே அடுத்ததற்குத் தாவினோம் என்று நம் கண்ணாலேயே பார்க்கலாம். அதையே நம் சூழலுக்கு ஏற்றபடி மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்தார்கள். 2016இல் வந்த முடிவில், பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுப்பதும், குழந்தை தானாக வந்து தொடர்புகொள்வதும் கூடியிருந்தன. ஆட்டிசம் போய்விட்டது என்று அதில் யாரும் சொல்லவில்லை.

அப்படிச் சொல்பவர்களிடம் உஷாராக இருங்கள். 1970களில் அமெரிக்காவில் காஃப்மன் தம்பதி தங்கள் மகனுக்காகத் தொடங்கிய சன்-ரைஸ் முறையைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். குழந்தை செய்வதில் நாமும் சேர்ந்துகொள்வது என்ற அதன் யோசனை எனக்குப் பிடிக்கும். பூரண குணம் என்ற வாக்குறுதிக்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஸ்டெம் செல் ஊசிப் பக்கம் போகவே போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்லிவிட்டது.

கற்றுக்கொள்ள எங்கே போவது? ஜசோலாவில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1991இல் அதைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஆட்டிசம் உள்ள மகனின் தாய்தான். அங்கே பெற்றோரும் குழந்தையும் சேர்ந்தே வரும் மூன்று மாதப் பயிற்சி உண்டு. இப்போது எப்போது தொடங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதிக்கவில்லை என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டைக்கும், நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். நிராமயாவில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் ஓரளவுக்கு அதில் அடங்கும்.

இன்னொன்று, வெளியூரில் இருக்கும் நமக்கென்றே. 'வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஹிந்தி மட்டும் பேசுங்கள்' என்று உங்களிடமும் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கொஞ்சவும் கெஞ்சவும் நமக்குத் தானாக வருவது தமிழ்தான். அதை எடுத்துவிட்டால் வீடியோ காலில் வரும் பாட்டியும் அவனுக்கு அந்நியமாகிவிடுவார்.

அப்புறம், 'பெற்றோர்' என்று எல்லோரும் சொன்னாலும் கடைசியில் அது அம்மா தலையில் மட்டும் விடிகிறது. வேலையை விடு என்று முதலில் அவளிடம்தான் சொல்கிறார்கள். அதற்குச் சம்மதிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் குளிக்க வைப்பதும் உடை மாற்றுவதும் இவர் பொறுப்பு. சட்டையைப் பாதி மாட்டிவிட்டு நிறுத்துவார், மீதியை அவள் இழுத்துக்கொள்வாள். என் பங்குக்கு, பட்டாணி உரிக்கும் நேரத்தில் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே போதும்.

இந்த வாரம் அவனுக்கு எதுவும் கற்றுக்கொடுக்காதீர்கள். போனை எங்காவது சாய்த்து வைத்து, அவனோடு இருக்கும் ஐந்து நிமிடத்தை எடுங்கள். ராத்திரி இருவரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். அவனுக்கு என்ன பிடிக்கிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பயிற்சிக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள்.