ஈரக் கரித்தூளை நீராவியால் உலர்த்தலாமா?

கேள்வி: சீமைக்கருவேலத்தில் கரிமூட்டம் போட்டு விற்கிறோம். ஐப்பசி மழையில் நனைந்த கரித்தூளை நீராவி செலுத்தியே உலர்த்தலாம் என்கிறார்கள். நீராவியே ஈரம்தானே?
– வாசகர், சாயல்குடி

பதில்: இட்லிக் கொப்பரையில் எழும் ஆவி 100 டிகிரி செல்சியஸில் இருப்பது, சற்றே வெப்பம் இழந்தாலும் நீராகிவிடும். அதையே தனியாக 180 டிகிரி வரை சூடேற்றினால் கிடைக்கும் மீவெப்ப நீராவி, தன் கூடுதல் வெப்பத்தைக் கரிக்குக் கொடுத்து 100 டிகிரியை நெருங்கும் வரையில் ஆவியாகவே இருக்கும்.

மூடிய கலத்துக்குள் துளைத்தட்டில் பரப்பிய கரித்தூளுக்கு அடியிலிருந்து இந்த ஆவியைப் போதிய வேகத்தில் செலுத்தினால், துகள்கள் மிதந்து புரண்டு எல்லாப் பக்கமும் சூடேறும். தொடக்கத்தில் குளிர்ந்த கரியின்மேல் ஆவி படிந்து ஈரம் கூடத்தான் செய்யும். பார்ப்பவர் பதற வேண்டியதில்லை. கரி 100 டிகிரியை எட்டியதும் நுண்துளைகளுக்குள் உள்ள நீர் கொதித்துத் தன் அழுத்தத்தாலேயே வெளியேறுகிறது. சூடான காற்றில் உலர்த்தும்போது நீராவி கடந்தாக வேண்டிய காற்றுப் படலம் இங்கே இல்லை. ஆகவே, ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரிக்குள் அமையும் ஒரு வெப்பநிலைக்கு மேல், அதே எடையளவு உலர்காற்றைவிட இந்த ஆவி விரைவாக உலர்த்துகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் செலவாகும் சுமார் 2,257 கிலோஜூல் வெப்பமும், வெளியேறும் உபரி ஆவியிலேயே இருப்பதால், அதைக் குளிரவைத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம்.

கரிக்கு இதனால் கிடைக்கும் பெரிய ஆதாயம் பாதுகாப்பே. கலத்துக்குள் ஆக்சிஜன் இல்லாததால் தூள் தீப்பற்றாது. ஆனால் உலர்ந்த கரியைச் சூட்டோடு வெளியே கொட்டினால், காற்றுப் பட்டுக் கனன்றுவிடக்கூடும். மூடிய கலத்தில் ஆறவைத்த பின்னரே எடுக்க வேண்டும். மிக நுண்ணிய தூள் ஆவியோடு பறந்துவிடும் என்பதால் அதைப் பிடிக்கச் சைக்ளோன் கருவியும் தேவை. கொதிகலன், சூடேற்றி, ஊதுவிசிறி என்று செலவு ஏறுவதால், ஓரிரு மூட்டம் போடுபவருக்கு இது கட்டாது. தார்ப்பாய்க் கொட்டகையே போதும். பல மூட்டங்களின் தூளை வாங்கிக் கரிக்கட்டி அழுத்தும் ஆலைக்கு வேண்டுமானால் கணக்குப் பார்க்கலாம்.

கேள்வி: மண்டபம் கடலில் வளர்க்கும் கடற்பாசிக்கும் இது பொருந்துமா?
– வாசகர், மண்டபம்

பதில்: பொருந்தாது. அங்கே வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியில் உள்ள காராஜீனன் என்ற கூழ்ப்பொருள் வெந்நீரில் கரையக்கூடியது. முதலில் படியும் சூடான நீரிலேயே பாசி குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆவியில் மிதக்காது. அதற்கு வெயிலே நல்லது. மழைநாளில் மிதமான சூட்டுக் காற்று.